கேட்டவர்கள் மாற்றிய பாடல்

ஒரு பாடல் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, பாடியவருக்கா, கேட்டவருக்கா? எளிய வினாவாகவே தோன்றும். எழுதியவரின் பெயர் இசைத்தட்டின் உறையிலே அச்சாகியிருக்கிறது. உரிமைத்தொகையும் அவருக்கே போய்ச் சேர்கிறது. ஆயினும், நாம் பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டுவரும் அமெரிக்க இசைத்தட்டு ஒன்றின் வரலாறு, இந்த விடையோடு நிற்க நம்மை விடுவதில்லை.

'டென்' என்பது அதன் பெயர். 'பேர்ல் ஜாம்' என்னும் குழுவினர் 1991 ஆகஸ்ட் 27இல் அதனை வெளியிட்டனர். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மழைக்குப் பேர்போன சியாட்டில் நகரமே அவர்களின் ஊர். 1980களில் அங்கே உருவான ராக் இசையைக் 'கிரஞ்ச்' என்று அழைத்தனர். அழுக்கு என்பதைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது. பளபளக்கும் ஆடையும் ஒப்பனையும் இன்றி, அன்றாடம் உடுத்தும் சட்டையோடு மேடையேறி, அதிர்ந்தொலிக்கும் கிதார்களின் நடுவே மனத்தின் கசப்பை மறைக்காமல் பாடுவது அதன் இயல்பு. தொடக்கத்தில் மெதுவாகவே விற்ற 'டென்', பின்னர் அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 30 இலட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்றது.

அக்குழுவே ஒரு மரணத்தின் பின் பிறந்ததுதான். ஸ்டோன் கோசார்ட், ஜெஃப் ஏமென்ட் என்னும் இருவர் அதற்கு முன் வேறொரு குழுவில் இருந்தனர். அதன் பாடகரான ஆண்ட்ரூ வுட், முதல் முழு இசைத்தட்டு வெளிவரவிருந்த வேளையில், 1990 மார்ச்சில், ஹெராயின் போதைக்கு இரையானார். நண்பரை இழந்த அவ்விருவரும் சொற்களில்லாத சில மெட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து, பாடகர் ஒருவரைத் தேடினர். அந்நாடா, தெற்கே வெகுதொலைவில், சான் டியேகோ நகரின் பெட்ரோல் நிலையமொன்றில் இரவுப்பணி பார்த்துவந்த எடி வெடர் என்னும் இளைஞரின் கையை அடைந்தது. அவர் அம்மெட்டுகளுக்குச் சொற்கள் எழுதி, தாமே பாடிப் பதிந்து, அஞ்சலில் திருப்பியனுப்பினார்.

அவற்றுள் ஒன்றுதான் 'அலைவ்'. உயிரோடிருத்தல் என்று பொருள். தலைப்பைக் கண்டு மகிழ்ச்சிப் பாடல் என்று எண்ணிவிடலாகாது. வளர்த்தவர் உன் தந்தையல்லர், பெற்றவரோ இறந்துபோனார் என்று ஒரு சிறுவனிடம் தாய் சொல்கிறாள். அங்கே தொடங்குகிறது பாடல். இது வெடரின் சொந்த வாழ்வில் நேர்ந்தது. குடும்ப நண்பர் என்று மட்டுமே தாம் அறிந்திருந்தவர்தாம் தம் தந்தை என்று தெரிந்தபோது, அவர் உயிரோடில்லை. அவ்வுண்மையோடு கற்பனையாக வேறோர் இருளையும் அவர் சேர்த்தார். குடும்பங்கள் கூடிப் படிக்கும் இப்பக்கங்களில் அதை விரித்துரைக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவன் தான் இன்னும் உயிரோடிருப்பதாகச் சொல்லும்போது, அது நன்றியுரையாகுமா? எழுதியவர் அதைச் சாபமாகவே எழுதினார்.

ஆனால் கேட்டவர்கள் அதை அவ்வாறு கேட்கவில்லை. அரங்குகளில் ஆயிரமாயிரம் பேர் கைகளை உயர்த்தி, அந்தப் பல்லவியைத் தம் வெற்றி முழக்கமாகப் பாடினர். நோயிலிருந்து மீண்டவர்கள் பாடினர். போதையை விட்டொழித்தவர்கள் பாடினர். உற்றாரை இழந்தும் வாழத் துணிந்தவர்கள் பாடினர். பொருளறியாமல் பாடுகிறார்களே என்று எழுதியவர் சினந்திருக்கலாம். வெடரோ, 2006இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அப்பாடலைப் பற்றிப் பேசுகையில், கேட்டவர்கள் அதன் பொருளையே மாற்றிவிட்டார்கள் என்றும், அதனால் தம் மீதிருந்த சாபம் நீங்கிற்று என்றும் மனமாரக் கூறினார்.

இசைத்தட்டின் இறுதிப் பாடலான 'ரிலீஸ்', வெடர் தம் மறைந்த தந்தையை விளித்துப் பாடுவது. மிகத் தணிந்த குரலில் தொடங்கி, அலைபோல் மெல்ல மெல்ல உயர்வது. நம் வாப்பா வஃபாத்தான ஆண்டில், வீட்டார் உறங்கிய பின் நாம் அதனைப் பல இரவுகள் கேட்டிருக்கிறோம். பாடியவர் தம் தந்தையை அறியாதவர்; நாமோ அறிந்து, அவர் கைப்பிடித்து வளர்ந்தவர்கள். அவருடைய துயரம் வேறு, நம்முடையது வேறு. எனினும் நம் துயரம் வந்து அமர அந்தப் பாடலில் இடமிருந்தது.

1995இல் வெளியான ஒரு திரைப்படத்திற்காக வெடர், கவ்வாலி மேதை நுஸ்ரத் ஃபதே அலி கானோடு இணைந்து இரு பாடல்கள் பாடினார். மரண தண்டனைக் கைதி ஒருவனின் கதை அது. இவ்விரு குரல்களும் எவ்வாறு பொருந்தின என்று பலர் வியந்தனர். நமக்கு அதில் வியப்பில்லை. கவ்வாலி அவையில் ஒருவர் ஒரு வரியில் உருகிவிட்டால், பாடகர் அவ்வரியைக் கடந்து போவதில்லை. அவருக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அங்கே பாட்டின் போக்கை முடிவுசெய்வதில் கேட்பவருக்கும் பங்குண்டு.

அந்தப் பங்கு எத்துணை பாரமானது என்பதைக் காட்டிய நாளும் ஒன்றுண்டு. 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்ட இசைவிழாவில் பேர்ல் ஜாம் பாடிக்கொண்டிருக்கையில், மழையிலும் சேற்றிலும் கூட்டம் முன்னோக்கி நெருக்கியது. இசையை நிறுத்தி, பின்னே செல்லுங்கள் என்று மேடையிலிருந்து மன்றாடியும் பயனில்லை. நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் மாண்டனர். பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகள் அவர்கள். எஞ்சியிருந்த ஐரோப்பியக் கச்சேரிகளைக் கைவிட்ட குழுவினர், இனி இசைப்பதா வேண்டாமா என்றே கலங்கினர்.

பின்னர் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடியபோதும் 'அலைவ்' பாடலை அவர்கள் தொடவில்லை. உயிரோடிருக்கிறேன் என்று எந்த நாவால் பாடுவது? சுற்றுப்பயணத்தின் கடைசி இரவில், நவம்பர் 6 அன்று, சொந்த ஊரான சியாட்டிலில்தான் அதை மீண்டும் பாடினர். அந்த இரவின் ஒலிப்பதிவை நாம் கேட்கும்போது, பாடகரின் குரலை விடக் கூட்டத்தின் குரலையே செவி தேடுகிறது.

சாபமாகப் பிறந்த பாடலை வாழ்த்தாக மாற்றியவர்கள் கேட்டவர்கள். பாடியவர்களுக்கு அதைப் பாட நா எழாமற் போனபோது, உடன் பாடி அதை மீட்டுக் கொடுத்தவர்களும் அவர்களே. எழுதியவரின் பெயர் உறையிலே அச்சாகியிருக்கிறது; அது முறைதான். கேட்டவர்களுடைய பெயர்களை அச்சிட எந்த உறையிலும் இடம் போதாது.