இருவகைச் செலவு

செலவு என்னும் தமிழ்ச்சொல் வழிச்செல்லுதலையும் பொருள் கழிதலையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரண்டும் பிரியாதவை என்பதை, இக்கலாசாலையின் பழைய மாணவராகிய யாம் நால்வர், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் டில்லியினின்று மணாலி வழியாக லடாக்கிலுள்ள லே நகருக்கு மோட்டாரை யாமே ஓட்டிச் சென்று மீண்டபொழுது நன்கறிந்தோம்.

மணாலிக்கும் லே நகருக்கும் இடையே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். 2020இல் திறக்கப்பெற்ற, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயை ஏறிக் கடக்கும் வருத்தத்தை நீக்கிற்று. எனினும் அதற்கப்பால் பாரலாச்சா, லாச்சுலுங், ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லங் முதலிய கணவாய்கள் உள. தாண்டி என்னும் ஊரில் நிரப்பிய எண்ணெயையே நெடுந்தொலைவு நம்புதல் வேண்டும். கைபேசித் தொடர்பு அறுமிடத்தில் ரொக்கமே துணை. ஆதலின் அந்நாட்டில் வரவு செலவுத் திட்டமாவது ரூபாய்க் கணக்கு மாத்திரமன்று. எண்ணெய், நாள், உடல்வலிமை ஆகியவற்றின் கணக்குமாம்.

எம்முள் ஒருவர் சிற்றூர்ப் பாடசாலை ஆசிரியர். அவர் பங்கையும் ஏனைய மூவரும் ஏற்பதாகக் கூறினோம், அவர் இசைந்திலர். டில்லி சேரும் இரயிற் கட்டணம் நீங்கலாக அவரால் இயன்றது 18,000 ரூபாய். அதனையே ஒவ்வொருவர் பங்காகவும் வரையறுத்தோம். ஆகத் தொகை 72,000, நாள் பத்து. போகவும் மீளவும் 2,000 கிலோமீட்டர், சமவெளியில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டி மலையில் 12 தான் ஓடுமென்று கொண்டு, 170 லிட்டர் எண்ணெய்க்கு 16,000 ரூபாய், ஒன்பது இரவு தங்க 27,000, உணவுக்கு 20,000. எஞ்சிய 9,000 ரூபாயை, அதாவது எட்டிலொரு பங்கை, பெயரிடாத செலவுக்கென்று தனியே வைத்தோம். விடுப்பிலும் ஒருநாளைப் பெயரிடாது விடுத்தோம்.

ஜிஸ்பாவில் இரண்டிரவு தங்கியதை வீணென்று சிலர் கருதலாம். உயரம் ஏறுந்தோறும் காற்றின் அழுத்தம் குறைய, மூச்சிற் கிடைக்கும் பிராணவாயுவும் குறையும். உடல் பழகுமுன் விரைந்தேறுவோர்க்குத் தலைவலியும் வாந்தியும், சிலபோது உயிராபத்தும் நேரும். யாம் கொடுத்த வாடகைகளுள் அதுவே மிக மலிவானது.

புறப்படவிருந்த காலையில், பாரலாச்சாவில் பனி பெய்து வழி அடைபட்டதென்னும் செய்தி வந்தது. பின்னும் ஒருநாள் அங்கேயே தங்கினோம். அன்றிரவு கணக்குப் புத்தகத்தை விரித்தபொழுது ஒருவரும் ஆசிரிய நண்பரின் முகத்தை நோக்க வேண்டியதில்லாயிற்று. அந்நாளின் செலவு நால்வர் பங்கினின்றும் முன்னரே சமமாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாட் கணவாயின் உச்சியில் முதலிற் பனியை அள்ளியவர் அவரே.

கோபுரம் கட்டுவோன் முன்னதாகச் செலவை எண்ணும் வேத உவமையை நம் கலாசாலை ஆலயத்திற் பன்முறை கேட்டுள்ளோம். நெடும்பயணம் கருதும் மாணவ நண்பர்காள்! முதலில் உங்களுட் குறைந்த வருவாயுடைய தோழரை வினவுங்கள். அவரால் இயன்றதே அளவாகட்டும். அதில் எட்டிலொன்றையும், நாட்களில் ஒன்றையும் பெயரிடாது வையுங்கள். குறைக்க வேண்டுமாயின் விடுதியின் வசதி குறையட்டும். உடன்வருவோர் தொகை குறையாதிருக்கட்டும்.