பேரும் இடாப்பும்

தோட்டத்துப் பேச்சிலே ‘பேர்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தாயும் தந்தையும் இட்டு வழங்குவது ஒன்று. ஒரு நாள் கூலி மற்றொன்று. குறித்த அளவு கொழுந்தைப் பறித்துக் கொடுத்தவளுக்கு முழுப் பேர். நிறுவையிலே குறைந்தவளுக்கு அரைப் பேர். செக்ரோலிலே பெயருக்கு எதிராகக் கணக்கப்பிள்ளை இடும் குறிதான் அன்றைய அடுப்பின் நெருப்பு. கோப்பிக் காலந்தொட்டுத் தாளில் எழுதப்பட்டே வாழ்ந்துவரும் மக்கள் நாங்கள். ஆயினும் அந்தத் தாள்களிற் பெரும்பாலானவை எங்கள் உழைப்பை எண்ணுவதற்காக எழுந்தவை; இன்னார் இவர் என்று உலகுக்குக் காட்டுவதற்காக எழுந்தவை அல்ல.

அந்த வேறுபாடு எத்துணைக் கொடியது என்பதை எங்கள் பாட்டன்மார் அறிந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிறப்புக்கும் பரம்பரைக்கும் சான்று கேட்டது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைத் தாளாற் காட்டும்படி பணித்தது. மண்ணை வெட்டியவனிடம் மண்வெட்டி இருந்தது, தாள் இல்லை. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் இரு பிரதமர்கள் பங்கிட்டபோது, ‘பேர்’ என்ற சொல்லுக்கு மூன்றாவது பொருளும் பிறந்தது போலும். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றோர் என்ற சுமை எங்கள் தலையைவிட்டு இறங்கிற்று.

அட்டன் கல்வி வலயத்திலே இடைநிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நான், பழைய சட்டங்களை இங்கே எடுத்து விரிப்பதற்குக் காரணம், என் மேசைமேல் இருக்கும் சேர்விடாப்புத்தான். எங்கள் பள்ளியிலே எழுதுவினைஞர் எவரும் இல்லை. வரவு இடாப்பு, விடுகைப் பத்திரம், ஆண்டுதோறும் அனுப்பும் புள்ளிவிபரப் படிவம் ஆகிய அனைத்தும் ஆசிரியர் கையெழுத்திலேயே உருவாகின்றன. அவற்றுள் இருமொழிக் கல்வி வகுப்பின் பதிவுகள் என் பொறுப்பில் உள்ளன. தமிழிலே பட்டம் பெற்றவனுக்கு இங்கிலீஷ் வகுப்பின் இடாப்பா என்று நண்பரொருவர் நகைத்தார். பெயர்களை எழுதத் தமிழ் கற்றவனே வேண்டும் என்று சொல்லிவைத்தேன். அது விளையாட்டுப் பேச்சன்று.

எங்கள் மாணவர் ஒவ்வொருவருடைய பெயரும் மூன்று எழுத்துகளில் வாழ வேண்டியிருக்கிறது. தோட்டத்திலே குழந்தை பிறந்தால் அதனைத் தோட்டத்துத் துரை பதிவாளருக்கு அறிவிப்பது நெடுநாளைய முறை. தோட்டக் கந்தோரிலே அது ஆங்கிலத்தில் எழுதப்படும். பதிவாளரின் கந்தோரிலே பலவேளை சிங்களத்தில் ஏறும். பள்ளிக்கு வந்தபின் தமிழில் அமரும். தமிழிலே ககரம் ஒன்றுதான். வல்லொலியும் மெல்லொலியும் அவ்வொன்றனுள் அடக்கம். சிங்களத்திலோ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தகரத்துக்கும் அவ்வாறே. ஆகவே கோமதி என்னும் பெயரைக் கேள்வியறிவால் எழுதுபவர் அதனை நான்கு விதமாக எழுதலாம். நான்கும் சட்டத்தின் கண்ணிலே நான்கு பெண்கள். ழகரம் சிங்களத்தில் இல்லை. அழகர் என்ற தந்தையின் பெயர் அங்கே போய் அலகராகித் திரும்பி வருகிறது. அழகு அலகாவதை இலக்கணத்தில் எந்தப் புணர்ச்சி விதியிலும் நான் படித்ததில்லை!

இதனால் வரும் கேடு சிரிப்போடு முடிவதில்லை. பதினைந்து வயது நிறைந்த மாணவர் அதிபர் வழியாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்திலே அந்த அட்டை கேட்கப்படும். என் வகுப்பு மாணவி ஒருத்தி (கோமதி என்றே வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு) பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒருத்தியாகவும், சேர்விடாப்பில் இன்னொருத்தியாகவும், முந்திய பள்ளியின் விடுகைப் பத்திரத்தில் மூன்றாமவளாகவும் இருந்தாள். ஒரு கந்தோர் மற்றொரு கந்தோரைக் காட்டியது. மற்றொன்று முதலாவதையே திரும்பக் காட்டியது. அவளுடைய தாய் மூன்று நாள் மலைக்குப் போகாமல் பஸ் ஏறினாள். மகளின் பெயரிலே ஓரெழுத்தைத் திருத்துவதற்குத் தாயின் பேர் மூன்று போயிற்று. பஸ் கட்டணத்தை இங்கே நான் கணக்கிலே சேர்க்கவில்லை. தற்காலிகக் கடிதம் ஒன்றைக் கொண்டு அந்தப் பிள்ளை பரீட்சை எழுதினாள். அட்டை பின்னர் வந்தது.

சட்டத்திலே குறையில்லையா என்று கேட்பீர்கள். 1956இலே சிங்களம் மட்டும் அரச மொழியாயிற்று என்பது உண்மை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அடுத்த ஆண்டின் பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழிகளை வகுத்தது. 1991ஆம் ஆண்டின் சட்டத்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளெனப் பிரகடனமும் செய்யப்பட்டுள்ளன. 2007 ஜூலை முதலாம் நாளுக்குப்பின் அரச சேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் உண்டு. இவ்வளவும் இருந்தும், தனிச் சிங்களத்தில் வரும் படிவத்தை ஆசிரியர் அறையிலே நால்வர் கூடி வாசித்துப் பொருள் காண்கிறோம்.

இதற்காகக் கந்தோரிலே இருக்கும் சிங்கள எழுதுவினைஞரைப் பழிப்பது நம்மிற் சிலருக்கு எளிதாயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பு மலைக்கு நடுவே சிறு சம்பளத்துக்கு உழைக்கும் அவரும் நம்மைப் போன்றவரே. நான் கண்ட ஓர் இளம்பெண், கோமதியின் தாயை அருகிலே அழைத்து, பெயரை வாயாற் சொல்லச் சொல்லி, இரண்டு சிங்கள எழுத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, எது சரி என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்படி அவளுக்குப் படிவம் சொல்லவில்லை. படிவத்தை வகுத்தவர்கள் இந்த மலைக்கு வந்ததில்லை என்பதே என் துணிபு.

இனி இருமொழி வகுப்பு. ஆங்கில மொழிமூலம் 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்பிலே மீண்டது. அதனையடுத்து ஆறாம் தரத்திலிருந்தும் தொடங்கியது. கணிதம், விஞ்ஞானம் போன்ற சில பாடங்களை ஆங்கிலத்திலும் ஏனையவற்றைத் தாய்மொழியிலும் பிள்ளை படிக்கிறது. நல்ல முறைதான். ஆனால் எனக்குக் கிடைத்த படிவத்திலே ‘மொழிமூலம்’ என்ற கூட்டுக்குள் ஒரே சொல்லுக்குத்தான் இடம். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலப் பாடநூல் வராது. ஆங்கிலம் என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூல்கள் குறையும். இரண்டையும் நெருக்கி எழுதினேன். படிவம் திரும்பி வந்தது.

அதனினும் பெரிய குறை ஒன்று. இடாப்பிலே தந்தையின் தொழிலும் முகவரியும் உண்டு. ஓர் இரவு அவ்விரு பத்திகளையும் வைத்து வகுப்பை வகைப்படுத்திப் பார்த்தேன். கடைவீதிப் பிள்ளைகளும் உத்தியோகத்தர் பிள்ளைகளும் முன்னே நின்றார்கள்; லயத்து முகவரியுடையோர் விரல்விட்டு எண்ணும் அளவினர். அவர்களிலும் சிலர் எட்டாம் தரத்துக்குள் தமிழ்மூல வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டிலே உதவ ஆளில்லை, ரியூஷனுக்குக் காசில்லை, லயத்தறையிலே ஒரு விளக்கடியில் ஐந்து பேர். திரும்பிய பிள்ளையின் பெயர் ஓரிடாப்பிலிருந்து மற்றோர் இடாப்புக்கு மாறுகிறது; ஏன் மாறிற்று என்று எழுத அங்கே பத்தியே இல்லை. ஆண்டுப் புள்ளிவிபரத்திலே வகுப்பு நிறைந்து நிற்கிறது, காலியான இடத்தில் வேறு பிள்ளை அமர்ந்திருப்பதால். மலையகத்திலே ஆங்கிலக் கல்வி பரவுகிறது என்று மேடையிலே வாசிக்கப்படுவது அந்தத் தொகைதான். யாருக்குப் பரவுகிறது என்று கேட்க எண்ணுவோர், தொகையை விட்டு இடாப்பைக் கேட்கட்டும்.

தோட்டப் பள்ளிகள் கம்பெனிகளின் கையிலிருந்து அரசுக்கு மாறத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியிலேதான்; நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி எங்கள் லயங்களுக்கு வந்துசேர ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு பின்தங்கித் தொடங்கியவர்களின் ஓட்டத்தை அளக்கும் கோலிலே எங்கள் தடம் விழாவிட்டால், உதவி எங்கே தேவை என்று எவரும் அறியப்போவதில்லை.

நாங்கள் இப்போது ஒரு தாள் தயாரித்திருக்கிறோம். ஆறாம் தரத்திலே சேரும் நாளில் பிள்ளை தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும். மூன்று எழுத்திலும் அதனை எழுதிப் பெற்றோருக்குப் படித்துக்காட்டி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அன்றே திருத்த மனுவை எழுதுகிறோம். பரீட்சைக்கு ஐந்தாண்டு இருக்கும்போதே. பாடத்துக்குப் பாடம் மொழியைக் குறிக்கத் தனிக் கோடு இருக்கிறது. வகுப்பு மாறினால் காரணம் எழுத நான்கு வரி இடம் விட்டிருக்கிறோம். சிங்கள வரியை அயற்பள்ளியின் சிங்கள ஆசிரியர் ஒருவர் பார்த்துத் தருகிறார். பதிலுக்கு அவருடைய வகுப்பிலே தமிழ் எழுத்துகளை நான் கற்பிக்கிறேன். ழகரத்திலேதான் அந்தப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எங்கள் தாளுக்கு அரச முத்திரை இல்லை. வலயத்துக்கு அனுப்பும் படிவத்தோடு அதன் படியையும் இணைத்து, இரண்டு பருவங்களாக அனுப்பிவருகிறோம். முதலாவது திரும்பி வந்தது, இரண்டாவது இன்னும் வரவில்லை.