7 சதுர மீட்டர்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் கடல் இல்லை. ஆனால் இராமேசுவரத்தில் பல்லாண்டுகளாகப் பட்டத்தின் இழுவையில் பலகையேறிக் கடலில் சறுக்கும் தம்பி ஒருவன் எனக்குண்டு. 12 சதுர மீட்டர்ப் பட்டம் கைவசமிருக்க, இம்முறை 7 வாங்கப்போவதாகச் சொன்னான். தேர்ச்சி கூடினால் பட்டமும் பெருக்க வேண்டாமா? காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும் என்றான். தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாளில் பெரிய பட்டம் ஆளையே தூக்கிக் கரையில் அறைந்துவிடுமாம்.

காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடியதை (புறநானூறு 66) நினைவூட்டினேன். “ஏவலா? தப்பிக்க வழி வச்சுக்கிட்டுத்தாண்ணே ஏறுறோம்” என்று சிரித்தான்.

பலகையின் வண்ணமெல்லாம் அவனுக்குப் பொருட்டன்று. பழைய பட்டமொன்று கைப்பிடியோடு மலிவாகக் கிடைத்தும் மறுத்துவிட்டான். ஆபத்தில் இழுவையைத் துண்டிக்கும் விடுவிப்புக் கொக்கி, உப்பும் மணலும் ஏறி, இருமுறை இழுத்த பின்பே திறந்தது.