அதிலே காரண்டி எவ்வளவு?

பந்து விளையாட்டைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டு எனக்கு இன்னமும் பாதிக்கு மேல் புரியாது. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், அதற்குப் பெயர் கால்பந்தாம்! ஆனால் ஆட்டமே நடக்காத மாதங்களில் அமெரிக்காவில் நடக்கிற கூத்து இருக்கிறதே, அது நமக்கு நன்றாகவே புரியும். அதெல்லாம் சம்பளக் கணக்கு, தவணைக் கணக்கு, ஊர் மாற்றல், வேலை போகிற கதை. இதில் நமக்குத் தெரியாதது என்ன?

நாங்கள் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரத்தை ஒட்டிக் குடியிருக்கிறோம். இவருக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். பையன் டென்வர் பிராங்கோஸ் அணி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்பான். நானோ பிளஸ் டூவோடு நின்றவள். எனக்கு இந்தக் கணக்குகளைச் சொல்லிக் கொடுத்தது எதிர்வீட்டு அம்மாள். எழுபது வயதைத் தாண்டியவர். நான் கொண்டுபோய்க் கொடுக்கும் எலுமிச்சை சாதத்தை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை கோடி என்று ஒப்பிப்பார்.

மொத்தம் 32 அணிகள். செப்டம்பரில் ஆட்டம் தொடங்கி, பிப்ரவரியில் கடைசிப் போட்டி. அப்புறம் மார்ச் நடுவில் அவர்களுக்குப் புது வருஷக் கணக்கு பிறக்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் வேறு அணிக்குப் போகலாம். முதலாளி எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும், ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு உண்டு. 2024-ல் அது அணிக்கு 25 கோடியே 54 லட்சம் டாலர். மாதம் முதல் தேதி மளிகைக்கு, பாலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று நாம் பிரித்து வைப்பதில்லையா, அந்தப் பாடுதான் அவர்களுக்கும்.

2022 மார்ச்சில் டென்வர் அணி ரஸ்ஸல் வில்சன் என்பவரை சியாட்டில் அணியிடமிருந்து வாங்கியது. பந்தை எறிகிற முக்கிய ஆட்டக்காரர் அவர், குவார்ட்டர்பேக் என்பார்கள். 2014-ல் இதே டென்வரைக் கடைசிப் போட்டியில் 43-8 என்று மண்ணைக் கவ்வ வைத்தவர். அவருக்குப் பதிலாக டென்வர் கொடுத்தது என்ன தெரியுமா? மூன்று ஆட்டக்காரர்கள்: டிரூ லாக், நோவா ஃபேன்ட், ஷெல்பி ஹாரிஸ். அதோடு கல்லூரி முடித்து வரும் பையன்களை ஏப்ரலில் தேர்ந்தெடுக்கும் முறைகள் ஐந்து. அதில் இரண்டு முதல் சுற்று முறைகள். சீட்டுப் போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். அடுத்த வருஷம் சீட்டு எடுக்கும் முறையையே இன்று விற்றுவிடுவது போலத்தான்.

டெலிபோனில் மாமியாரிடம் இதைச் சொன்னேன். மணப்பாறைப் பக்கத்துக்காரர். "என்னம்மா இது, நம்ம மாட்டுச் சந்தை மாதிரியில்லே இருக்கு! பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களா?" என்றார். பார்க்கத்தான் பார்க்கிறார்கள். புது அணியின் டாக்டர் பரிசோதித்துச் சரி என்றால்தான் பேரம் செல்லும்.

எனக்கு மாட்டுச் சந்தை தோன்றவில்லை, என் அப்பாதான் நினைவுக்கு வந்தார். ரயில்வேயில் இருந்தார். மாற்றல் உத்தரவு வந்தால் அம்மா வாயே திறக்காமல் பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிடுவாள். விழுப்புரத்தில் ஒரு வகுப்பு, மானாமதுரையில் ஒரு வகுப்பு என்று நான் படித்தேன். வில்சனின் ஒப்பந்தத்தில் அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்று ஒரு ஷரத்து இருந்தது, அதனால் அவரைக் கேட்டார்கள். அந்த ஷரத்து மிகப் பெரிய ஆட்டக்காரர்கள் சிலருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களுக்குச் சேதி வரும், கிளம்ப வேண்டியதுதான். பேப்பரில் அவர்கள் பெயர் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வீட்டில் சாக்கு கட்டினார்களோ!

வில்சன் வந்த அதே வருஷம் செப்டம்பர் மாதம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, மேலும் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 24 கோடி டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். அடேயப்பா! என் பையன் பிறந்த நாளுக்கு வில்சன் பெயர் போட்ட சட்டைதான் வேண்டும் என்றான். வாங்கிக் கொடுத்தோம். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் அசரவில்லை. "அந்த நம்பரை விடு. அதிலே காரண்டி எவ்வளவு, அதைக் கேள்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இந்த விளையாட்டில் பேப்பரில் வருகிற தொகை வேறு, கைக்கு வருகிற தொகை வேறு. கையெழுத்துப் போட்டவுடன் கொடுக்கிற பணம் நிச்சயம். மற்றதில் சிலது, இன்ன வருஷம் மார்ச்சில் இன்ன தேதிக்கு நீ அணியில் இருந்தால்தான் காரண்டி. சிலது, அடிபட்டு ஆட முடியாமல் போனால் மட்டும் காரண்டி. இது எதிலும் சேராத பணம் வெறும் எழுத்துதான். அணி எந்த நாளும் "போய் வா" என்று சொல்லலாம்.

அந்த வருஷம் டென்வருக்கு ஒன்றும் சரியாக நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று 51-14 என்று தோற்றார்கள். மறுநாளே கோச் நத்தேனியல் ஹாக்கெட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, மனுஷருக்கு 15 ஆட்டம்தான் கிடைத்தது. பண்டிகைக்கு மறுநாள் இப்படிச் செய்யலாமா என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. பொதுவாக வருஷா வருஷம் ஜனவரியில் ஆட்டங்கள் முடிந்த மறுநாள்தான் கோச்சுகளை நீக்குவார்கள். அதற்குக் 'கறுப்புத் திங்கள்' என்றே பெயர். தலைமை கோச் போனால் அவரோடு வந்த உதவி கோச்சுகளுக்கும் பெரும்பாலும் இடம் இருக்காது. அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள் பாதிப் பள்ளிக்கூட வருஷத்தில் மறுபடி ஊர் தேட வேண்டும். அடுத்து வந்த கோச் ஷான் பேட்டன். அவரை விடுவிக்க நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு டென்வர் இன்னொரு முதல் சுற்று முறையைக் கொடுத்தது. கோச்சுக்கும் பண்டமாற்று!

2023 டிசம்பர் கடைசியில் நடந்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு ஆட்டம் பாக்கி. வில்சன் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்தார். ஆனாலும் அவரை உட்கார வைத்துவிட்டார்கள். ஜெயிப்பதற்காகச் செய்த மாற்றம் என்றார் பேட்டன். ஆனால் அடுத்த மார்ச்சில் அவருக்கு ஆட முடியாத அளவுக்குக் காயம் இருந்தால், 2025-க்கான 3 கோடியே 70 லட்சம் டாலரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தக் காரண்டித் தேதியைத் தள்ளிப்போடச் சம்மதிக்காவிட்டால் உட்கார வைத்துவிடுவோம் என்று அணி முன்பே சொன்னதாக வில்சன் வெளிப்படையாகவே சொன்னார். "உடம்பு நல்லா இருக்கிறதாலேயே உட்கார வைக்கிறாங்களா?" என்று பையன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

2024 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். அந்த 24 கோடி ஒப்பந்தத்தின் ஐந்து வருஷமும் 2024-ல்தான் ஆரம்பிப்பதாக இருந்தது. அதாவது முதல் வருஷமே பிறக்கவில்லை! ஆனாலும் அந்த வருஷத்துக்கு 3 கோடியே 90 லட்சம் டாலர் காரண்டி ஆகியிருந்தது, எங்கே ஆடினாலும் வந்தாக வேண்டும். பிட்ஸ்பர்க் அணி அவருக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சம் 12 லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தது, மீதியை டென்வர் கொடுத்தது.

டென்வருக்கு வந்த கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முன்பணமாகக் கொட்டிக் கொடுத்ததை ஐந்து வருஷம் வரை பிரித்துக் கணக்கு எழுதலாம் என்று ஒரு வழி இருக்கிறது. ஆள் போய்விட்டால் எழுதாத பாக்கி வந்து கழுத்தைப் பிடிக்கும். வில்சனுக்காக 2024-ல் 5 கோடியே 30 லட்சமும், 2025-ல் 3 கோடியே 20 லட்சமும் கணக்கில் ஏற்றினார்கள். உச்சவரம்பில் ஐந்தில் ஒரு பங்கு ஆடாத ஆளுக்கே போயிற்று. ஃபிரிட்ஜைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்ட பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததில்லையா?

வில்சன் கோடீஸ்வரர், அவருக்காக நான் அழ வேண்டியதில்லை. என் கவலை மற்றவர்களைப் பற்றி. ஜூலையில் ஒவ்வொரு அணியிலும் 90 பேர் பயிற்சிக்கு வருகிறார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் 53 பேராகக் குறைத்துவிடுவார்கள். கொஞ்சம் பேரைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வார்கள். பாக்கிப் பேர் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆட்டத்தை விட்ட பிறகும் ஐந்து வருஷம் மருத்துவ இன்ஷூரன்ஸ் உண்டு, ஆனால் மூன்று பருவம் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். இரண்டு பருவத்திலேயே முட்டி போனவனுக்கு என்ன வழி? அந்தப் பையனைப் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

இந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டுக்கும் ஒரு காகிதம் வந்தது. 2024 ஏப்ரலில் டெக்சாஸில் ஒரு கம்பெனி இவரைக் கூப்பிட்டது. இப்போதைய சம்பளத்தைவிட நன்றாகவே அதிகம், வந்து சேருவதற்கென்று தனியாக ஒரு முன்பணம். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாமியார் திருச்சியில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ராத்திரி சாப்பாடு ஆனதும் கேட்டேன்: "ஏங்க, அதிலே காரண்டி எவ்வளவு?"

"இதென்ன பிராங்கோஸா?" என்று சிரித்தார். ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருமாக வரி வரியாகப் படித்தோம். முன்பணம் ஒன்றரை வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. வேலை வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற வேலை. மருத்துவ இன்ஷூரன்ஸ் சேர்ந்து தொண்ணூறு நாள் கழித்துத்தான் தொடங்கும். என் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. தினமும் இன்ஹேலர், குளிர்காலத்தில் ஒரு தடவையாவது அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். இந்த ஊரில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க முடியுமா?

இவர் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். முன்பண விஷயத்தில் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், இன்ஷூரன்ஸில் வரவில்லை. பழைய வேலையை விட்ட பிறகும் அதன் இன்ஷூரன்ஸை மட்டும் சொந்தப் பணத்தில் நீட்டிக்க முடியுமா என்று விசாரித்தோம். மாதா மாதம் அந்தத் தொகையைக் கட்டினால் கூடுதல் சம்பளம் அந்த மூன்று மாதத்துக்கும் அதிலேயே போய்விடும் போலிருந்தது. பையனுக்குப் பள்ளி மாற்றம், வீட்டு வாடகை முன்பணம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினோம். பத்து நாள் யோசித்து இவர் வரவில்லை என்று எழுதிவிட்டார். அதை அனுப்பிய அன்று அதிகம் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை, இரண்டு தோசை கூட வைத்தேன்.

இன்னமும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பெண்ணுக்கு மருந்து மாதா மாதம் தவறாமல் வருகிறது. சம்பளம் மட்டும் அவ்வளவாக ஏறவில்லை. மாமியார் டெலிபோன் செய்யும்போதெல்லாம், "அந்த டெக்சாஸ்காரன் மறுபடி கூப்பிடலையாம்மா?" என்று கேட்காமல் வைப்பதில்லை.