எண்ணூர் க்ரீக் ஓடை அல்ல

ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளுக்குத் திருவொற்றியூர்க்காரனான நான் ஒன்று சொல்ல வேண்டும். அகராதியில் முதலில் போட்டிருக்கும் பொருளோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

‘க்ரீக்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். பல அகராதிகளில் ‘ஓடை’ என்று பார்ப்பீர்கள். அமெரிக்கர்கள் அப்படித்தான் புழங்குகிறார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கோ அது கடல்நீர் ஏறி இறங்கும் நீர்வழி. வடசென்னையின் எண்ணூரில் நிலைத்தது அந்தப் பொருள்தான். துபாய்க்கு வேலைக்குப் போன உங்கள் மாமாவைக் கேளுங்கள், அப்ரா படகில் துபாய் க்ரீக்கைக் கடந்திருப்பார். மும்பையில் தானே க்ரீக், கட்ச் எல்லையில் சர் க்ரீக். எல்லாமே கடல் உள்ளே வரும் இடங்கள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கூடி முகத்துவாரம் வழியாகக் கடலைத் தொடுகின்றன. நீர் வற்றும் நேரத்தில் போய்ப் பாருங்கள். மார்பளவுத் தண்ணீரில் ஒருவர் குனிந்து இரு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார். பனையோலைப் பறி பல்லிடுக்கில் இருக்கும். அகப்பட்ட இறால் நேராக அதற்குள் போகும். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இடம் என்பதால்தான் அங்கே இறால். நெய்தல் நிலத்துக்காரர்களான நாம் அதைக் கழி என்றும் உப்பங்கழி என்றும் அழைத்தோம். க்ரீக்குக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை.

ஓடை என்றால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, கடல் ஏற்றத்துக்கு உட்பட்ட கழிகளையும் அவற்றின் கரைகளையும் பாதுகாப்பில் சேர்த்தது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஒரு கிலோ தண்ணீரில் 5 கிராம் உப்பு இருக்கும் தூரம்வரை அந்த எல்லை போனது. வெறும் ஓடைக்கு இந்தக் காவல் கிடையாது. 1996 கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழி, பின்னால் வந்த வரைபடத்தில் காணோம் என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017-இல் கொதித்துப் போராடியது இதனால்தான். அந்தக் கோபம் முழுக்க நியாயமானது.

இந்தச் சொல்லை நீங்களே சரிபார்க்கலாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலைகளுக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் ஆங்கில அறிக்கையோடு தமிழ்ச் சுருக்கத்தையும் பார்வைக்கு வைக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள். ‘க்ரீக்’ வரும் இடத்தில் தமிழில் ஓடை என்று இருந்தால், கூட்டத்தில் எழுந்து ஏன் என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.