எண்ணூரில் ஒரு கரிநாள்!

வெளியூரிலிருந்து மாமா பையன் வந்தால் மெரினாவுக்கும் கபாலி கோயிலுக்கும் கூட்டிப் போவோம். லீவு பாக்கியிருந்தால் மாமல்லபுரம். 'வடக்கே என்ன இருக்கு?' என்று அவன் கேட்டுத் தொலைத்தால், 'அது... ஹார்பர், ஃபேக்டரி...' என்று இழுத்து, வாயில் ஒரு மிளகாய் பஜ்ஜியைத் திணித்துவிடுவோம். உண்மையில் வடக்கே இருப்பது அந்தப் பஜ்ஜிக் கடையில் எரியும் பல்புக்கு மின்சாரம்! அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்த்து வர ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன்.

"எண்ணூர்ல யாரு, சொந்தக்காரங்களா?" என்றார் எதிர் சீட்டுப் பெரியவர்.

"இல்லீங்க, சும்மா பாக்கத்தான்."

அதன் பிறகு அவர் தன் பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

முதல் ஸ்டேஷன் ராயபுரம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். வேறு ஊராக இருந்தால் டிக்கெட் போட்டுக் காட்டியிருப்பார்கள். இங்கே ரயில் அரை நிமிஷம் நின்று, 'சரி, பார்த்தாச்சு இல்ல?' என்று கிளம்பிவிடுகிறது.

ராயபுரத்துக்காரர்களுக்குக் கரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரொம்ப வருஷம் சென்னைத் துறைமுகத்தில்தான் நிலக்கரி இறங்கியது. காற்று வீசினால் கொடியில் காயும் வெள்ளை வேட்டி சாம்பல் நிற வேட்டியாகும். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2011 அக்டோபர் முதல் அங்கே நிலக்கரி இறக்குவது நின்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் கரி என்ன, சந்நியாசம் வாங்கிக்கொண்டா போகும்? இன்னும் வடக்கே, எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. (இப்போது அதற்குக் காமராஜர் பெயர்.) தூசியை யாரும் ஒழிக்கவில்லை. டிரான்ஸ்ஃபர் போட்டார்கள், அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை தாண்டித் திருவொற்றியூர். வடிவுடையம்மன் குடியிருக்கும் ஊர். பட்டினத்தார் சமாதியும் இங்கேதான். புல்லட் ஓட்டும் இளவட்டங்களுக்கு இது வேறு விதத்தில் புண்ணிய ஸ்தலம்: 'மெட்ராஸ் புல்லட்' உருண்டு வந்த ஃபேக்டரி இந்த ஊரில்தான். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்துவிட்டு, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் பார்வை போனது என்பது புராணம். நம் கதை நேர் எதிர். இந்த எல்லையைத் தாண்டினால்தான் நமக்குக் கண் தெரிய ஆரம்பிக்கிறது.

எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் முகத்துவாரம் பக்கம் போனேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள், நண்டு வலை, கரையில் காயும் கருவாடு. மறுபக்கம் வானத்தில் வரிசையாகப் புகைபோக்கிகள். ஒரே போட்டோவில் இரண்டும் அடங்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அழகாகத்தான் இருக்கிறது.

கொஞ்சம் அங்கேயிருக்கும் நிலையங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்தது எண்ணூர் அனல்மின் நிலையம். 1970-களின் முதல் பாதியில் 450 மெகாவாட். 2017 மார்ச் 31-ல் அதற்கு ரிடையர்மென்ட் ஆகிவிட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630, இரண்டாம் நிலை 1,200. வல்லூரில் மத்திய அரசின் என்.டி.பி.சி.யும் நம் மின்வாரியமும் கூட்டாக நடத்துவது 1,500. 2024 மார்ச்சில் திறந்த வடசென்னை மூன்றாம் நிலை 800. 2024 மே 2-ம் தேதி வெயிலில் தமிழ்நாடே சேர்ந்து இழுத்த உச்சபட்ச மின்சாரம் 20,830 மெகாவாட். இந்த ஒரு முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள இயந்திரங்களின் திறன் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு!

கரி வருகிற வழி இன்னும் விசேஷம். ஒடிஷாவில் தால்சேரில் வெட்டி, பாரதீப் வரை ரயிலில் வந்து, கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கி, கன்வேயர் பெல்ட்டில் உட்கார்ந்து உலைக்குப் போகிறது. நாம் கூட ஆபீஸுக்கு இவ்வளவு சிரமப்பட்டுப் போவதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமாராக 700 கிராம் கரி. இந்தியக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக யூனிட்டுக்குக் கால் கிலோ சாம்பல் என்று வைத்துக்கொள்ளலாம். கரியில் இருக்கும் வெப்பத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் போய்விடும்.

போய்விடும் என்றால் எங்கே போகும்?

"இங்கதான் வரும், வேற எங்க?" என்றார் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த காட்டுக்குப்பத்து அண்ணன். "சுடுதண்ணியா வரும். அந்தத் தண்ணியில மீனு நிக்குமா ஸார்? நீங்க நிப்பீங்களா?"

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா குறுக்கிட்டார். "தம்பி, அப்பல்லாம் ஆத்துல எறங்கிக் கையால தடவியே எறா புடிப்போம். இப்ப தடவுனா சாம்பல்தான் ஆப்புடுது. காலு உள்ள போவுது, பொதபொதன்னு."

சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வழியில் குழாய் ஒழுகினால் ஆறு சாம்பலாகிறது. இது ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரமில்லை. வருஷக் கணக்காக ஒழுகி, வழக்காகி, 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆற்றில் சேர்ந்த சாம்பலை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கத்துக்காரர்களுக்குக் கோடைக்காற்று வேறு ஒரு தண்டனை. சோற்றுத் தட்டை மூடி வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

இனி மின்சாரத்தோடு தெற்கே வருவோம். மின்சாரம் வழியில் கொஞ்சம் சிந்தும். ஏன் என்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஒரு லட்ச ரூபாயைப் பத்து ரூபாய் நாணயமாகக் கோணியில் கட்டி எடுத்துப் போனால் கோணி கிழியும், காசு கொட்டும். ஐந்நூறு ரூபாய் நோட்டாக எடுத்துப் போனால் சட்டைப் பையே போதும். வோல்டேஜ்தான் நோட்டின் மதிப்பு, கரண்ட் என்பது நோட்டுகளின் எண்ணிக்கை. கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பி சூடாகி வீணாவது நாலு மடங்கு. அதனால்தான் எண்ணூரிலிருந்து கிளம்பும்போதே 230, 400 கிலோவோல்ட் என்று பெரிய நோட்டாக மாற்றி அனுப்புகிறார்கள். உயரமான கோபுரங்களில் பெரிதாக நஷ்டமில்லை. நம் தெருவுக்கு வந்து, டிரான்ஸ்ஃபார்மரில் சில்லறை மாற்றி, மெலிந்த கம்பியில் பத்து வீடு தாண்டி வரும்போதுதான் அதிகம் கொட்டுகிறது. எல்லாம் சேர்ந்து தமிழ்நாட்டில் இந்த நஷ்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இந்தப் பத்தில் ஒன்றுக்குக் கணக்கு உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் கேள்வி கேட்கும், மின்வாரியம் பதில் சொல்லும், கட்டணத்தில் அது ஏறும், நாம் டீக்கடையில் திட்டுவோம். ஆனால் கம்பியில் ஏறுவதற்கு முன்பே ஆற்றில் இறங்கிய நஷ்டம் எந்தப் பில்லிலும் கிடையாது. அதைக் காட்டுக்குப்பமும் செப்பாக்கமும் மீனாகவும் இறாலாகவும் கட்டிக்கொண்டிருக்கின்றன. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இல்லை, தினம்.

2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்து, சென்னையில் பல இடங்கள் இருட்டில் மூழ்கின. அன்று ராத்திரிதான் தென்சென்னையில் பலருக்கு மணலி என்று ஓர் ஊர் இருப்பதே ஞாபகம் வந்தது. காலையில் கரண்ட் இருந்தது. ஞாபகம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் மூன்று பழைய ஃபேன்கள். தலா 75 வாட், நாளைக்குப் பதினாறு மணி நேரம் சுற்றுகின்றன. (சென்னையில் மார்கழி தவிர மற்ற மாதமெல்லாம் கோடைதான்.) புது பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். மூன்றையும் மாற்றினால் வருஷத்துக்கு சுமார் 790 யூனிட் மிச்சம். வழியில் சிந்துவதையும், நிலையம் தனக்கே எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் அங்கே 950 யூனிட்டுக்கு மேல் தயாரிக்க வேண்டியதில்லை. கரிக்கணக்கில் 650 கிலோவுக்கு மேல், சாம்பலில் இருநூறு கிலோவைத் தாண்டும். ஹாலில் சுற்றும் அந்த மூன்று பழசுகளும் வருஷத்துக்கு நாலு மூட்டை சாம்பலைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன, சத்தமில்லாமல். சரி, ஒன்று மட்டும் 'கிறீச்' என்று சத்தம் போடும்.

இதை அந்த அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"நீங்க ஃபேன மாத்துனா குழா ஒழுவறது நின்னுடுமா ஸார்?"

நிற்காது. நான் சுவிட்சை அணைத்தால் மின்தொகுப்பில் அந்த நேரத்தில் எந்த நிலையம் விலை ஜாஸ்தியோ அதுதான் முதலில் குறையும். அது எண்ணூராக இருக்கலாம், வேறு எங்கோ இருக்கலாம். குழாயைச் சரிசெய்ய வேண்டியவர்கள் சரிசெய்தால்தான் ஒழுகல் நிற்கும். அதற்குத்தான் தீர்ப்பாயம், கோர்ட் எல்லாம். ஆனால் தேவை ஏறிக்கொண்டே போனால் புதுசாக ஒன்று கட்டுவார்கள், அது எங்கே என்பதில்தான் விஷயம். மூடிய பழைய எண்ணூர் நிலையத்தின் இடத்திலேயே 660 மெகாவாட்டில் ஒன்று கட்டும் திட்டத்துக்கு 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. 'எங்களுக்கு இருக்கறதே போதும்' என்று ஊர்க்காரர்கள் மைக்கைப் பிடித்துச் சொன்னார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "உங்க ஏரியால கரண்ட் கட்டாவுதா தம்பி?"

"எப்பவாவது, ஒரு அரை மணி நேரம்மா."

"இங்கயும் ஆவுது" என்றார், தலைக்கு மேல் போகும் உயரழுத்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே.