சுதேசி என்னும் மார்க்கா

உயர்விலை வீட்டலங்காரத் துணிக் கடை ஒன்றைத் தொடங்குபவர், திரைச்சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் தேர்வதற்கு முன்பே கடையின் 'பிராண்ட் அடையாள'த்தை வடிவமைத்துக்கொள்கிறார். பெயர், இலச்சினை, எழுத்துரு, வண்ணம், துணியைச் சுற்றித் தரும் தாள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இது இக்காலத்துக் கலையாகத் தோன்றலாம். ஆனால் துணி வணிகம் இதனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அறிந்திருக்கிறது. நம் கடைத்தெருவில் அதற்கு வழங்கிய சொல் மார்க்கா. துணிக் கட்டுகளின் மீது தெய்வமோ விலங்கோ அச்சிட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டன. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித் துணி கேட்டு வாங்கினர்.

அந்த வரலாற்றில் மும்பையின் குர்லாவுக்குத் தனி இடம் உண்டு. ஜாம்செட்ஜி டாடா 1869இல் சிஞ்ச்போக்ளியில் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பஞ்சாலையாக்கி, அதற்கு அலெக்சாண்டிரா எனப் பெயரிட்டார். 1877 சனவரி 1ஆம் நாள் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். அதே நாளில் நாக்பூரில் திறக்கப்பட்ட ஆலைக்கு எம்பிரஸ் என்ற பெயர் அமைந்தது. 1886இல் குர்லாவில் நலிந்து கிடந்த தரம்சி ஆலையை வாங்கியபோதோ, அவர் சூட்டிய பெயர் சுதேசி. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் சுதேசி இயக்கம் எழுவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல் ஓர் ஆலையின் பெயராகிவிட்டது. அரியணையைப் பார்த்துப் பெயர் வைத்தவர், வாங்குவோரைப் பார்த்துப் பெயர் வைக்கத் தொடங்கிய திருப்பம் அது.

எனினும் பெயர் மட்டும் ஆலையைக் காக்கவில்லை. பழைய இயந்திரங்கள் இடர் தந்தன. தொடக்ககாலத் துணியின் தரம் குறித்துப் புகார்கள் வந்தன. நாக்பூரிலிருந்து தேர்ந்த பணியாளர்களை வரவழைத்து, ஆலையைச் செப்பனிட்ட பிறகே அப்பெயருக்கு மதிப்பு உண்டாயிற்று. மார்க்காவுக்குப் பொருள் தந்தவை தறியும் கையுமே.

அவ்வாலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தொழிலாளர்களின் நிலுவைத் தொகைக்கான வழக்கு நீண்டகாலம் நீதிமன்றத்தில் நடந்தது. 2011இல் அதே குர்லாவில், லால் பகதூர் சாஸ்திரி சாலையில், ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. ஃபீனிக்ஸ் என்பதும் 1905இல் லோயர் பரேலில் தொடங்கிய ஒரு பஞ்சாலையின் பெயரே. நூல் நின்றது, பெயர் நீடித்தது. வணிக வரலாற்றில் பெயருக்குக் கிட்டும் மறுபிறப்பு, அதனை ஈட்டித் தந்தவர்களுக்குக் கிட்டுவதில்லை.

இக்கேள்வி தமிழ்நாட்டுக்கும் உரியது. கரூரில் நெய்து தைக்கப்படும் மேசை விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் அயல்நாட்டுக் கடைகளின் பெயர்களைத் தாங்கி விற்பனையாகின்றன; அவற்றில் கரூரின் பெயர் இராது. பவானி ஜமக்காளத்தின் நிலை வேறு. புவிசார் குறியீடு பெற்ற அப்பெயர் தனியொரு நிறுவனத்தின் உடைமையன்று. ஓர் ஊருக்கும் அதன் நெசவாளர்களுக்கும் உரியது. அதனைப் போலிகளிடமிருந்து காப்பது இன்றும் எளிதாக இல்லை. ஆனால் அங்கே பெயரும் கையும் ஒரே இடத்தில் உள்ளன.

ஆகவே, புதிய கடைக்கு அடையாளம் வரைபவர் முதலில் கேட்கவேண்டியது எந்த எழுத்துரு, எந்த வண்ணம் என்பதன்று. இப்பெயருக்குள் யார் இருக்கிறார், யார் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பதே.